மூன்று கோடிச் சொற்களும் நான்கு படங்களும்

நான்கு படங்கள். முதல் படத்தில் சிறுவர்கள் பந்து விளையாடுகிறார்கள். இரண்டாவதில் பந்து ஒரு வீட்டுச் சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. மூன்றாவதில் ஒரு பெண்மணி சன்னல் வழியே எட்டிப் பார்க்க, ஓர் ஆள் கையை ஓங்கி மிரட்டுகிறார். நான்காவதில் சிறுவர்கள் இடத்தைக் காலி செய்கிறார்கள். 1960களில் லண்டனில் பீட்டர் ஹாக்கின்ஸ் என்ற ஆய்வாளர் இந்தப் படங்களை ஐந்து வயதுக் குழந்தைகளிடம் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். 1969-ல் முடிவு வெளியானது. நடுத்தர வர்க்கக் குழந்தைகள் "பையன்", "பந்து", "சன்னல்" என்று பெயர்ச்சொற்களை அதிகம் பயன்படுத்தினார்கள். உழைக்கும் வர்க்கக் குழந்தைகள் "அவன்", "அது", "அவங்க" என்று சுட்டிச் சொன்னார்கள்.

மொழியையும் வர்க்கத்தையும் பற்றி கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த சண்டையில் பாதி, இந்தச் சின்ன வேறுபாட்டுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியதுதான். ஏழை வீட்டுக் குழந்தையிடம் மொழி குறைவாக இருக்கிறதா? அல்லது பள்ளிக்கூடம் ஒரு வர்க்கத்தின் பேச்சு வழக்கத்தை எடுத்து அதையே "மொழித்திறன்" என்று பெயரிட்டு வைத்திருக்கிறதா? இரண்டு பக்கத்துக்கும் பெரிய அறிஞர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சான்றுகளையும் ஒன்றொன்றாக எடை போட்டுப் பார்க்க வேண்டும். அனுதாபத்தின் பேரில் தீர்ப்புச் சொன்னால் அது அந்தக் குழந்தைக்கே உதவாது.

முதலில் இந்த நான்கு படங்களையே எடுத்துக்கொள்வோம். பாடநூல்களிலும் ஆசிரியர் பயிற்சிக் குறிப்புகளிலும் இரண்டு குழந்தைகள் சொன்ன கதைகளாக இரண்டு பத்திகள் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கின்றன. ஒன்று, படத்தைப் பார்க்காதவருக்கும் புரியும் கதை. மற்றது, படம் இல்லாமல் ஒன்றும் விளங்காத கதை. அந்த இரண்டையும் எந்தக் குழந்தையும் சொல்லவில்லை. போக்கு எப்படி இருந்தது என்று விளக்குவதற்காக ஹாக்கின்ஸ் தாமே கட்டி எழுதிய மாதிரிகள் அவை. அவற்றை எடுத்தாண்ட சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைனும் இதை மறைக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து எடுத்தவர்கள், அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் என்று கைமாறியதில் அந்தக் குறிப்பு விழுந்துபோனது. கோடிக்கணக்கான குழந்தைகளின் பேச்சைப் பற்றிய ஒரு முடிவுக்கு அடையாளச் சின்னமாக நின்றது, பெரியவர் ஒருவர் எழுதிய பத்தி.

இன்னொன்றும் உண்டு. படம் குழந்தையின் முன்னாலும் இருக்கிறது, கேட்பவரின் முன்னாலும் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே பேசும் நம் வீட்டுப் பாட்டி எப்படிப் பேசுவார்? "இவன் இங்க நின்னான், இவ வந்து இதைக் குடுத்தா, அவன் வாங்கல" என்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரிடம் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிப் பேசினால் அதுதான் விநோதம். ஆக, "அவன்", "அது" என்று சொன்ன குழந்தை சூழலைச் சரியாகப் படித்திருக்கிறது. பெயர் சொல்லிச் சொன்ன குழந்தை வேறொன்றைப் படித்திருக்கிறது: கேட்பவர் பரீட்சை வைக்கிறார், அவருக்குத் தெரிந்ததையே தெரியாதது போல நாம் சொல்ல வேண்டும் என்பதை. இந்த இரண்டாவது அறிவு எங்கிருந்து வருகிறது என்பதே உண்மையான கேள்வி.

பெர்ன்ஸ்டைன் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அவரைப் பணக்காரப் பார்வை கொண்டவர் என்று ஒதுக்குவது அநியாயம். 1924-ல் கிழக்கு லண்டனில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். போருக்குப் பின் ஸ்டெப்னியில் ஒரு சமூக நல மையத்தின் சிறுவர் மன்றத்தில் வேலை பார்த்தவர். 1954 முதல் ஷோர்டிச்சில், வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் ஒரு நாள் படிக்க வரும் இளைஞர்களுக்குப் பாடம் நடத்தியவர். அவர்களில் தபால் துறையில் தகவல் கொண்டுபோகும் பையன்களும் இருந்தார்கள். சொல் சாராத அறிவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் அந்தப் பையன்கள், சொல் சார்ந்த தேர்வில் சறுக்கினார்கள். வசதியான குடும்பத்துப் பையன்களிடம் அந்த இடைவெளி இல்லை. அறிவு இருக்கிறது, ஆனால் பள்ளியில் அது வெளிப்படவில்லை, ஏன்? இந்த வேதனையிலிருந்துதான் அவருடைய கோட்பாடு பிறந்தது.

விரிந்த மொழிமுறை, சுருங்கிய மொழிமுறை என்று அவர் இரண்டாகப் பிரித்தார். சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உழைத்து, பலவற்றைச் சொல்லாமலே பகிர்ந்துகொள்பவர்களின் பேச்சு சுருக்கமாக, சூழலைச் சார்ந்து இருக்கும். பகிர்வு குறைந்த இடத்தில் பேசுபவர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் முதல் வகை வரும். இரண்டாம் வகைக்குப் பழக்கம் ஏற்படும் வாய்ப்பு வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. பள்ளி இரண்டாம் வகையை எதிர்பார்க்கிறது. கோட்பாட்டின் சாரம் இவ்வளவுதான்.

இதற்கு நான் அறிந்த வலுவான சான்று ஹாக்கின்ஸின் படங்கள் அல்ல; பெர்ன்ஸ்டைன் குழுவைச் சேர்ந்த ஜேனட் ஹாலண்ட் 1981-ல் வெளியிட்ட ஆய்வு. ஏழெட்டு வயதுக் குழந்தைகளிடம் உணவுப் பொருள்களின் படங்களைக் கொடுத்து, சேர்ந்து போகிறவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். உழைக்கும் வர்க்கக் குழந்தைகள் பெரும்பாலும் "இதெல்லாம் நாங்க காலைல சாப்பிடுறது", "இது எங்கம்மா செய்யுறது" என்ற வகையில் சேர்த்தார்கள். நடுத்தர வர்க்கக் குழந்தைகள் "இவை காய்கறி", "இவை கடலில் கிடைப்பவை" என்று சேர்த்தார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான பற்றாக்குறைக் கதையாக முடிந்திருக்கும். "வேறு மாதிரி சேர்க்க முடியுமா?" என்று மறுபடி கேட்டார்கள். நடுத்தர வர்க்கக் குழந்தைகளில் பலர் இப்போது "வீட்டில் சாப்பிடுவது" என்ற முறைக்கு மாறினார்கள். அவர்களுக்கு இரண்டும் தெரியும். ஆனால், அந்நியர் ஒருவர் கேட்கும்போது எதை முதலில் எடுத்து நீட்ட வேண்டும் என்பதும் தெரியும். "இவற்றைச் சேர்த்து வை" என்ற கேள்விக்குள் "பாடப்புத்தகம் போலச் சேர்த்து வை" என்ற கேள்வி ஒளிந்திருப்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

வர்க்கம் வகுப்பறைக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியவில்லை. சமையலறையைச் சொன்ன குழந்தையின் சிந்தனையில் எந்தக் குறையும் இல்லை. கேள்வியில் சொல்லப்படாத ஒரு விதி இருந்தது. அந்த விதி சில வீடுகளில் பால் குடிக்கும் வயதிலிருந்தே ஊட்டப்படுகிறது.

அப்படியானால் பெர்ன்ஸ்டைனின் குறை என்ன? இரண்டு சொல்வேன். ஒன்று, அவருடைய "உழைக்கும் வர்க்கம்" ஒரே பிசைந்த மாவு. ஹெரால்ட் ரோசன் 1972-ல் எழுதிய சிறு நூலில் இதைத்தான் பிடித்தார். தொழிற்சங்கக் கூட்டத்தில் மணிக்கணக்கில் வாதாடும் தொழிலாளியின் மொழியைப் பற்றி இந்தக் கோட்பாட்டில் ஏன் பேச்சே இல்லை என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. மற்றொன்று, சொல் தேர்வு. "சுருங்கிய" என்று ஒரு வர்க்கத்தின் பேச்சுக்குப் பெயர் வைத்துவிட்டு, அது இழிவில்லை என்று பின்னால் எத்தனை கட்டுரை எழுதினாலும் பெயர்தான் ஊர் சுற்றும். சமூகத்தின் ஏற்றத்தாழ்வைக் கல்வியால் ஈடுகட்ட முடியாது என்று 1970-ல் அவரே எழுதினார். குழந்தையிடம் குறை இருப்பதாகப் பேசும் "ஈடுகட்டும் கல்வி" என்ற கருத்தையே அதில் மறுத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அமெரிக்கா அவருடைய பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அங்கே 1965-ல் ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டம் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு கார்ல் பெரைட்டர், சீக்ஃப்ரீட் எங்கெல்மன் இருவரும் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியே இல்லாதது போல வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. நான்கு வயதுக் குழந்தை முழு வாக்கியத்தில் பதில் சொல்லவில்லை என்றால் அதற்குத் தருக்கமே வரவில்லை என்று பொருள் கொண்டார்கள்.

இதற்குப் பதிலடிதான் மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969-ல் எழுதிய, தரப்படுத்தாத ஆங்கிலத்தின் தருக்கம் பற்றிய கட்டுரை. நியூயார்க்கின் ஹார்லமில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். பேட்டி எடுத்தவரும் ஹார்லமில் வளர்ந்த கறுப்பினத்தவரே. அப்படியிருந்தும் சிறுவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். தேர்வாளர் என்றால் "பேசாக் குழந்தை" என்று குறித்துவிட்டுப் போயிருப்பார். லபோவ் குழு அடுத்த முறை நான்கு காரியம் செய்தது. உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் ஒன்று கொண்டுபோனார்கள். அவனுடைய உற்ற தோழனையும் அழைத்து வந்தார்கள். பேட்டியாளர் தரையில் உட்கார்ந்து சிறுவர்களின் உயரத்துக்கு இறங்கினார். பெரியவர் முன் பேசக்கூடாத சொற்களைத் தாமே பேசினார். அதன் பிறகு சிறுவர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.

இந்த ஒரு காட்சி போதும், மேசைக்கு எதிரில் உட்காரவைத்துப் பரிசோதித்து எழுதப்பட்ட நூறு அறிக்கைகளைச் சந்தேகிக்க. குழந்தையின் மௌனம் அதன் மொழியின் அளவு அல்ல. அந்த அறையில் யாருக்கு அதிகாரம் என்பதன் அளவு. லபோவின் இந்தப் பங்கு அசைக்க முடியாதது.

ஆனால் அதே கட்டுரையின் மறுபாதியை நான் அப்படி ஏற்க மாட்டேன். சொர்க்கம், கடவுள் பற்றி வாதாடும் பதினைந்து வயது ஹார்லம் சிறுவன் ஒருவனையும், கனவுகளைப் பற்றிப் பேசும் கல்லூரி படித்த நடுத்தர வர்க்கப் பெரியவர் ஒருவரையும் லபோவ் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். சிறுவன் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறான். பெரியவர் சுற்றி வளைக்கிறார். படிக்கப் படிக்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவனுக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுத்து வைத்தால் எதையும் நிறுவலாம். பதினைந்து வயதுக்காரனிடம் கூர்மையான தருக்கம் இருப்பது தெரிகிறது. அவன் படித்த பள்ளியில் அவனால் ஏன் வாசிக்க முடியவில்லை என்பது அதனால் தெரியவில்லை. வழக்கின் ஒரு பாதியை லபோவ் வென்றார். மறுபாதி அப்படியே கிடந்தது.

அந்த இடைவெளியில்தான் பற்றாக்குறை வாதம் எண்ணிக்கை வேடம் போட்டுத் திரும்பி வந்தது.

பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் கன்சாஸில் 42 குடும்பங்களை இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மாதம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், குழந்தையிடம் பேசப்படுவதை ஒலிப்பதிவு செய்தார்கள். 1995-ல் நூல் வந்தது. உயர்தொழில் செய்யும் பெற்றோரின் குழந்தை மணிக்குச் சராசரி 2,153 சொல் கேட்கிறது. உழைக்கும் வர்க்கக் குழந்தை 1,251. அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பத்துக் குழந்தை 616. பெருக்கிப் பார்த்தால் நான்கு வயதுக்குள் முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் மூன்று கோடிச் சொல் இடைவெளி. அவ்வளவுதான், அந்த "மூன்று கோடி" உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம் குழந்தையின் உடையில் சொல் எண்ணும் கருவியைப் பொருத்தும் திட்டத்துக்காக 2013-ல் 50 லட்சம் டாலர் பரிசு வென்றது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு குழந்தையிடம் பதிவான நேரம் மொத்தம் சுமார் முப்பது மணி. அதை வாரத்துக்கு நூறு மணி விழித்திருக்கும் நேரம் என்று வைத்து, நான்கு ஆண்டுக்கு, இருபதாயிரம் மணிக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். உதவித்தொகைக் குடும்பங்கள் எத்தனை? ஆறு. ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். படித்த அந்நியர் ஒருவர் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, அரசு உதவியை நம்பி வாழும் ஒரு தாய் எப்படிப் பேசுவாள்? பேராசிரியர் ஒருவர் தம் குழந்தையோடு எப்படிப் பேசுவார்? ஒருவர் அடங்கிப்போவார், மற்றவர் விரித்துப் பேசுவார். ஹார்லம் சிறுவனின் மௌனம் இங்கே தாயின் மௌனமாக வந்து நிற்கிறது.

டக்ளஸ் ஸ்பெரியும் லிண்டா ஸ்பெரியும் பெக்கி மில்லரும் ஐந்து சமூகங்களின் பதிவுகளை வைத்து இதை மறு ஆய்வு செய்தார்கள்; 2018-ல் அது வெளியானது. ஏழைச் சமூகங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருந்தது. தாய் மட்டுமல்லாமல் பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டார் பேசுவதையும், குழந்தையைச் சுற்றி நடக்கும் பேச்சையும் கணக்கில் சேர்த்தபோது, சில ஏழைச் சமூகங்களின் குழந்தைகள் நடுத்தர வர்க்கக் குழந்தைகளைவிட அதிகம் சொல் கேட்டார்கள். இதற்கும் மறுப்பு வந்தது: சுற்றி நடக்கும் பேச்சால் சிறு குழந்தை மொழி கற்பது குறைவு, அதனிடம் நேராகப் பேசுவதுதான் பயன் தரும் என்றார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. அதே 2018-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும், சொல் எண்ணிக்கையைவிட மாறி மாறி உரையாடுவதே குழந்தையின் மொழியோடு கூடுதலாகத் தொடர்புற்றிருந்தது. ஆகவே குழந்தையோடு பேசுவது நல்லது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. என் தீர்ப்பு அந்த எண்ணைப் பற்றியது. ஆறு வீடுகளின் மேல் ஒரு நாட்டின் கல்விக் கொள்கையைக் கட்டக்கூடாது. மூன்று கோடி என்ற எண் நிராகரிக்கப்பட வேண்டியது.

அப்படியானால் இவ்வளவு நலிந்த எண்ணுக்கு இவ்வளவு வரவேற்பு ஏன்? அதில் ஒரு வசதி இருக்கிறது. பள்ளிகளுக்குச் சமமாக நிதி கொடுப்பது செலவு. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு ஒரே வேலையில் போதிய கூலி கொடுப்பது இன்னும் பெரிய செலவு. தாயைப் பார்த்து "நீ போதிய அளவு பேசவில்லை" என்று சொல்வது மலிவு. கருத்தியல் என்று சொல்வது இதைத்தான். அது எப்போதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் மாற்றம் கேட்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பேச்சின் மதிப்பு ஒலியில் இல்லை, பேசுபவரின் இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு லபோவே முன்பு ஒரு சான்று தந்திருந்தார். 1962-ல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் பேரங்காடிகளில் 264 பணியாளர்களிடம் ஏதோ ஒரு பொருள் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டார். விடை எல்லாவற்றிலும் நான்காம் மாடி. "ஃபோர்த் ஃப்ளோர்" என்ற இரு சொல்லில் ரகர ஒலி கேட்கிறதா என்பதே அவருக்கு வேண்டும். மிக விலை உயர்ந்த கடையில் 62 விழுக்காட்டினரிடம் ஏதோ ஓரளவாவது ரகரம் ஒலித்தது. மலிவுக் கடையில் சுமார் 20 விழுக்காடு. நியூயார்க்கில் ரகரம் ஒலித்தால் உயர்வு. கடல் தாண்டி லண்டனுக்குப் போனால் அதே இடங்களில் ரகரத்தை விழுங்குவதே மேட்டுக்குடிப் பேச்சு. அழுத்தி ஒலித்தால் பட்டிக்காடு. ஒலி ஒன்று, மொழி ஒன்று, மதிப்பு நேர் எதிர். பிரான்சில் சமூகவியலாளர் பியர் பூர்தியு இதையே மொழிச் சந்தை, மொழி மூலதனம் என்ற கருத்துகளால் விளக்கினார். எந்த நாணயம் செல்லும் என்பதைச் சந்தையை ஆள்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இங்கிலாந்துப் பள்ளிகள் சில இதைச் சுவரில் ஒட்டியே வைத்தன. 2013-ல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று "எயின்ட்", "இன்னிட்" போன்ற சொற்களைத் தடைசெய்து பட்டியல் போட்டது. வேலைக்கான நேர்காணலில் பிள்ளைகள் தோற்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தடைசெய்வதால் இன்னொரு சொல்லைக் கற்றுக்கொடுத்ததாகாது. வாயை மூடக் கற்பிப்பது மட்டுமே அதனால் நடக்கும்.

பாக்கி நின்ற பாதிக் கேள்விக்கு, இந்தப் பிள்ளைகள் பள்ளியின் எழுத்து மொழியை எப்படி அடைவது என்பதற்கு, எனக்கு மிக நேர்மையான பதிலாகத் தோன்றுவது மானுடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983-ல் வெளியிட்ட "வேஸ் வித் வேர்ட்ஸ்" நூலில் இருக்கிறது. கரோலைனா மாநிலங்களின் பீட்மான்ட் பகுதியில் ஏறத்தாழ பத்து ஆண்டு அவர் மக்களோடு பழகினார். கறுப்பின உழைப்பாளிகளின் ஊருக்கு டிராக்டன் என்றும், வெள்ளை ஆலைத் தொழிலாளர்களின் ஊருக்கு ரோடுவில் என்றும் புனைபெயர் கொடுத்தார்.

டிராக்டனில் பெரியவர்கள் தங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை. "இது என்ன நிறம்?" என்று ஏன் கேட்க வேண்டும், கண் இருக்கிறதே! "இது எதைப் போல இருக்கு?" என்பதுதான் அங்கே கேள்வி. ஒப்புமை காண்பதில் அந்தக் குழந்தைகள் கெட்டி. கதையைக் கூட்டிச் சொல்லிக் கேட்பவரைக் கட்டிப் போடுவது அங்கே கலை. ரோடுவில்லில் நேர்மாறு: குழந்தைக்குப் பெயர்ச்சொல் சொல்லிக்கொடுப்பார்கள், பைபிள் கதை படிப்பார்கள், ஆனால் நடக்காததைக் கதையாகச் சொன்னால் அது பொய். பள்ளிக்கு வந்ததும் டிராக்டன் குழந்தை முதல் நாளே தடுமாறியது. "இது என்ன நிறம்?" என்ற கேள்விக்குள் ஏதோ சூது இருப்பது போல விழித்தது. ரோடுவில் குழந்தை முதல் மூன்று வகுப்பு ஒழுங்காக ஓட்டிவிட்டு, "இப்படி நடந்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கத் தொடங்கும் நான்காம் வகுப்பில் விழுந்தது. இரண்டும் உழைக்கும் வர்க்கம், இரண்டும் வேறு. ரோசன் பெர்ன்ஸ்டைனிடம் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது.

ஹீத் அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்பறையை மாற்றினார். ஊர்ப் படங்களைக் காட்டி, முதலில் டிராக்டன் பாணியில் கேள்வி: "இங்க என்ன நடக்குது? நீ அங்க போயிருக்கியா?" அந்தப் பதில்களை ஒலிப்பதிவு செய்து, பிறகு அதே படங்களுக்குப் பள்ளிப் பாணிக் கேள்விகளையும் பதில்களையும் சேர்த்துப் பழக்கினார்கள். ஐந்தாம் வகுப்பு அறிவியலில், வாசிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவர்களை உள்ளூர் விவசாயிகளிடம் அனுப்பினார்கள். பயிர் வைப்பது பற்றி அவர்கள் சொன்னதைச் சேகரித்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, மாணவர்களே ஒரு நூல் தயாரித்தார்கள். வீட்டுப் பேச்சிலிருந்து எழுத்து மொழிக்கு ஒரு பாலம் கட்டப்பட்டது. பிள்ளைகள் அதில் நடந்தார்கள். தேர்வு மதிப்பெண் கணக்கு இறுகத் தொடங்கியதும் இந்த முறைகள் வகுப்பறையிலிருந்து மறைந்ததை ஹீத் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

இதோடு கறுப்பின ஆசிரியரான லிசா டெல்பிட் 1988-ல் எழுதியதையும் சேர்க்க வேண்டும். அதிகாரத்தின் மொழிக்கு விதிகள் உண்டு. அவற்றை வீட்டிலேயே கற்றவர்கள் அவை விதிகள் என்றே உணர்வதில்லை. கற்காதவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்றார். குழந்தையின் மொழியைப் பாராட்டிவிட்டு விதியைச் சொல்லாமல் விடும் தாராளவாத ஆசிரியரையும் அவர் கண்டித்தார். முன்பு கண்டித்த பெரைட்டர், எங்கெல்மன் பற்றி ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு மொழி இல்லை என்ற அவர்கள் கருத்து தவறு. ஆனால் அவர்களிடமிருந்து வளர்ந்த, படிப்படியாக நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் முறை, அமெரிக்காவின் ஃபாலோ த்ரூ கல்வித் திட்டத்தின் 1977 மதிப்பீட்டில் அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் முன்னணியில் நின்றது. கோட்பாடு தவறாக இருந்தும் கைமுறையில் பயன் இருந்தது. விதியை மறைக்காமல் சொன்னதுதான் அந்தப் பயன் என்று நான் கருதுகிறேன்.

நீதிமன்றமும் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் கறுப்பினக் குழந்தைகள் 11 பேருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். லபோவும் சாட்சி சொல்லியிருந்தார். குழந்தைகளின் வீட்டு மொழியைத் தடை என்று நீதிபதி சொல்லவில்லை. வாசிப்புக் கற்பிக்கும்போது அந்த மொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கத் தவறியதே தடை என்றார். அதற்கான திட்டத்தை 30 நாளில் கொண்டுவரப் பள்ளி நிர்வாகத்துக்கு ஆணையிட்டார்.

இங்கே தமிழ் வாசகர் தம் வகுப்பறையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது, நானும் நினைக்கிறேன். தமிழில் யாருடைய வீட்டுப் பேச்சும் பாடநூல் தமிழ் அல்ல. "ஆத்துக்குப் போறேன்" என்பதும் "ஊட்டாண்ட போறேன்" என்பதும் எழுத்துத் தமிழிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்றை வீட்டு வழக்கு என்கிறோம், மற்றதைக் கொச்சை என்கிறோம். பள்ளி மொழியிலிருந்து விலகியதுதான் குறை என்றால் எல்லாருக்கும் குறை இருக்க வேண்டும். சிலருக்கு மட்டும் இருக்கிறது என்றால் அளக்கப்படுவது மொழி அல்ல. பாமாவின் "கருக்கு" 1992-ல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அங்கே வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்து அளந்தது.

ஒரு பள்ளியில் நான் கண்டது. "ஆடு நமக்கு என்ன தருகிறது?" என்று ஆசிரியர் கேட்டார். பால், இறைச்சி என்று பதில் வந்தது. கடைசி வரிசைச் சிறுவன் எழுந்து, "ராத்திரி வயக்காட்டுல கெடை போடுவோம் சார், புழுக்கை எருவாவும், வயக்காரவுக நெல்லு குடுப்பாக" என்றான். ஆட்டுக்கும் மண்ணுக்கும் நெல்லுக்கும் உள்ள உறவை ஒரே மூச்சில் சொன்ன பதில் அது. "நல்ல தமிழ்ல, முழு வாக்கியமா சொல்லு" என்றார் ஆசிரியர். சிறுவன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பாடவேளை முடியும் வரை அவன் மறுபடி பேசவில்லை. ஆசிரியர் கொடுமைக்காரர் அல்ல. "வயலில் ஆடுகளைக் கிடை போட்டால் எரு கிடைக்கும்" என்று அதையே கரும்பலகையில் எழுதி, "இவன் சொன்னதை எழுத்தில் இப்படி எழுதுவோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்படிச் செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் தீர்ப்பு இது. ஏழைக் குழந்தைக்கு மொழி குறைவு என்ற வாதம் நிற்கவில்லை. அதன் பெரிய எண் ஆறு வீட்டின் மேல் நிற்கிறது, அதன் புகழ்பெற்ற சான்று பெரியவர் எழுதியது. மொழிகள் எல்லாம் சமம் என்று சொல்லி அதோடு நின்றுவிடுவதும் போதாது; அது குழந்தையைத் தேர்வு அறையின் வாசலில் விட்டுவிட்டுப் போகிறது. பெர்ன்ஸ்டைன் காட்டிய சொல்லப்படாத விதி உண்மை. அதை வெளிப்படையாகச் சொல்லித்தரும் கடமை முழுக்கப் பள்ளியுடையது, வீட்டுடையது அல்ல. குழந்தையின் பேச்சை வெட்டி எறிந்துவிட்டு அல்ல, அதன்மேல் நின்றுதான் அதைச் சொல்லித்தர முடியும் என்று ஹீத்தின் ஆசிரியர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரில் "மெல்லக் கற்பவர்" என்று எழுதுவதற்கு முன், இடைவேளையில் மைதானத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் அந்தப் பிள்ளை தன் கூட்டாளிகளிடம் என்ன பேசுகிறது என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.